மதினி ஏறினால் கொதிக்கும் படகு

ஒரு மனிதரின் கையில் பச்சைத் தண்ணீரைக் கொடுப்பதைவிடப் பெரிய அவமரியாதை உலகத்தில் கிடையாது என்பது மதினியின் கட்சி. வைதால் மறந்துவிடலாம், அடித்தால்கூட நாலு பேர் கூடிச் சமாதானம் பேசலாம், வாசலுக்கு வந்தவருக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்த பாவத்துக்கு மட்டும் பரிகாரமே இல்லை என்பாள். போடி வெயிலில் நின்றுகொண்டு இதைச் சொல்லியிருந்தால் புத்தி பேதலித்தவள் என்றிருப்பார்கள். அவள் சொன்னது ஏலமலையில், ஆனி ஆடியில் கொடியில் போட்ட வேட்டி நாள் கணக்கில் காயாத இடத்தில். அங்கே நாங்கள் எல்லோருமே அவள் கட்சியில்தான் இருந்தோம்.

மதினி என்றால் எனக்குச் சொந்த அண்ணன் மனைவி அல்ல. எங்கள் முதலாளியின் படகை ஓட்டிய டிரைவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன், அந்த வகையில் மதினி. ஜெர்மன் சண்டை முடிந்து, சீமெண்ணெய் மறுபடி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். முதலாளி போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். மலை மேல் அவருக்கு ஏலத்தோட்டமும், காய்களை உலர்த்துகிற ஸ்டோரும் இருந்தன. அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார். தேவாரம் பக்கம் மலையேறி, அட்டைக்கடியில் இரண்டு காலும் ரத்தமாக, பல் கிடுகிடுக்க நான் போய்ச் சேர்ந்தபோது முதலில் எதிர்ப்பட்டவள் மதினிதான். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு லோட்டாவில் ஆவி பறக்க வெந்நீரை நீட்டினாள்.

"காப்பி கெடைக்குமா?" என்றேன்.

"காப்பி பெறகு. மொதல்ல ஒடம்பு மனுச ஒடம்பா ஆகட்டும். குடிங்க, பேரு அப்புறம் கேக்குறேன்."

குடித்து முடித்ததும் பெயரைக் கேட்டாள். கேட்டாளே தவிர, ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து நான் கொழுந்தனார். அந்த உறவுக்கு உரிய கேலி, குத்தல் எல்லாவற்றையும் பாக்கி வைக்காமல் செய்தாள்.

அவளுக்கு ராசிங்காபுரம். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாக இருக்குமாம். கல்யாணமாகி மலைக்கு வந்த மறுநாள் விடியலில், ஊர் நினைப்பில், ஏரித் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "அப்படியே நின்னுட்டேன் கொழுந்தனாரே. கத்தணும்னு பாக்குறேன், தொண்டையில சத்தம் வரல. செத்துத்தான் போயிட்டோம்னு நெனச்சேன். உங்கண்ணன் வந்து, என்ன இங்க நிக்கிறன்னு கேட்டாரு. அப்பத்தான் சாகலன்னு தெரிஞ்சுச்சு." அன்றைக்கு அவளுக்கும் மலைக்கும் மூண்ட பகை கடைசி வரை தீரவில்லை. இந்த மலைத் தண்ணீருக்கு உயிர் கிடையாது, அதற்கு உயிர் கொடுக்கிற வேலை தன் தலையில் விழுந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பச்சை ஏலக்காயைப் பறித்த கையோடு உலர்த்த வேண்டும், ஒரு ராத்திரி மூட்டையில் கிடந்தால் அழுகல் வாடை வந்துவிடும். அதனால் ஸ்டோரில் இரவும் பகலும் அடுப்பு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறை முழுக்கப் போய்க் காயை உலர்த்தும். காய்ந்த விறகெல்லாம் அந்த அடுப்புக்குத்தான். வெளியே ஒரு சுள்ளி போகக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மழையில் ஊறிய விறகுதான். ஊதி ஊதிக் கண் சிவக்குமே தவிர, பானை சுடாது. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பிலும் வயிற்றிலும் சுடச்சுட வெந்நீர் ஊற்றினால்தான் உடம்பு தேறும் என்று கீழே எந்த ஊரிலும் தெரியும். லயத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஈர விறகுப் புகையும், பாதி சுட்ட தண்ணீரும்தான் கிடைத்தன.

"ஏலக்காய்க்கு இருக்கிற கொடுப்பின பெத்தவளுக்கு இல்லையே. அதுக்கு ராவும் பகலும் கணப்பு. இவளுக்குப் பொகை," என்பாள் மதினி.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் வாயால் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஆனால் லயத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் வெந்நீர் ஊற்றப் போகிறவள் அவள்தான். ஸ்டோரின் சூட்டுக் குழாய் மேல் பானையை வைத்துச் சுடவைக்கிறேன் என்றாள். நானும் சரி என்றேன். ஆவி அறைக்குள் சுற்றிக் காயின் பச்சை மங்கிப் போனது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, பானையை வெளியே தூக்கி வைக்கச் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிறம் போன காயைப் போடியில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த மதினியின் பார்வை படகின் மேல் விழுந்தது.

அணை கட்டித் தேக்கிய பெரிய ஏரியின் ஒரு கிளை, எங்கள் தோட்டத்து மலைகளுக்குள் நுழைந்து கிடந்தது. காடு அப்படியே மூழ்கியதால் செத்த மரங்கள் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நின்றன. ஏரிக்கு அந்தப் பக்கம் தோட்டமும் லயமும், இந்தப் பக்கம் ஸ்டோரும் முதலாளியின் பங்களாவும். பறித்த காயும் ஆட்களும் வந்து போக, சீமெண்ணெயில் ஓடும் ஒரு எஞ்சின் படகு. கொச்சிக் காயலில் ஓடிக் களைத்த பழைய படகை வாங்கி, கழற்றி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருந்தார்கள். அதோடு வந்தவர்தான் டிரைவர் அண்ணன். பிறப்பு நம்ம பக்கம்தான், ஆனால் கொச்சியில் எஞ்சின் பழகியதால் தண்ணீரை வெள்ளம் என்பார். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச மாட்டார். எஞ்சினின் மேல் எப்போதும் உள்ளங்கையை வைத்திருப்பார். கை தாங்குகிற சூடு என்றால் நல்ல சூடு, கை தாங்காவிட்டால் நிறுத்த வேண்டும். அதுதான் அவருக்குத் தெரிந்த சூட்டுமானி.

எஞ்சின் சூடேறி வெந்துபோகாமல் இருக்க, ஒரு பம்பு ஏரித் தண்ணீரை இழுத்து இரும்பைச் சுற்றி ஓடவிடும். சுற்றி வந்த தண்ணீர் படகின் பக்கவாட்டில் ஒரு குழாய் வழியாக ஏரிக்கே போய்விடும். ஒருநாள் மதினி படகில் போகும்போது சும்மா கையை நீட்டி அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்கிறாள். வெதுவெதுவென்று இருந்திருக்கிறது.

"இம்புட்டு வெந்நிய ஏரியில கொட்டுறீகளே, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று புருஷனைக் கேட்டாள். நான் படகில் இருந்தேன். அண்ணன் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள்.

மறுநாளே ஒரு மூங்கில் துண்டைச் சீவிக் குழாயில் சொருகி, அதன் மறுமுனையைப் படகுக்குள் இருந்த பானைக்குத் திருப்பிவிட்டாள். இந்தக் கரையில் புறப்பட்டால் அந்தக் கரை சேர்வதற்குள் பானை நிறைந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடுவாள். காய்ச்சல்காரர்களுக்கு, கைக்குழந்தைகளுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு எல்லாம் எஞ்சின் வெந்நீர். கூலிகளை மேய்த்த கங்காணி, தேவாரத்துக்காரர், படகின் மூக்கில், முன்னணியத்தில் ராஜா போல உட்கார்ந்து லோட்டா லோட்டாவாக வாங்கிக் குடித்தார். சீமெண்ணெய் வாடை லேசாக இருக்கும். யாரும் குறை சொல்லவில்லை. முதலாளி போடியிலிருந்து வந்தால் அவர் குளிப்புக்கும் அதே வெந்நீர்தான் போயிற்று. அவர் விறகு செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

ஆடி மாதம் காற்றும் சாரலும் பிடித்துக்கொண்டது. படகில் வெதுவெதுவென்று இருந்த தண்ணீர், மேட்டில் இருந்த லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிப் பச்சைத் தண்ணீரானது. மதினிக்கு இது பொறுக்குமா? அடுப்பில் நிறையத் தண்ணீர் வைத்தால் சீக்கிரம் சுடாது, கொஞ்சமாக வைத்தால் சுடும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த கணக்கு. மூங்கிலுக்குள் கொஞ்சம் தேங்காய் நாரைத் திணித்தாள். தண்ணீர் சன்னமாக வந்தது, சூடாகவும் வந்தது. இன்னும் கொஞ்சம் திணித்தாள். கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. தான் கண்டுபிடித்ததில் அவளுக்கு அத்தனை பெருமை. அடுக்களைக் காரியத்தைப் புருஷனிடம் யார் ஒப்பிப்பார்கள்? அவரிடம் சொல்லவில்லை.

எஞ்சின் காய ஆரம்பித்தது.

முதல்முறை நடு ஏரியில். எஞ்சின் மேல் பூசியிருந்த வர்ணம் கொப்புளித்தது, கருகல் வாடை வந்தது, டொக் டொக் என்று ஒரு தட்டல் கேட்டது. அண்ணன் உடனே நிறுத்தினார். யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரு வாளி ஏரித் தண்ணீரை மொண்டு எஞ்சின் மேல் ஊற்றப் போனார். அண்ணன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"ஊத்தாத. கொதிக்கிற இரும்புல பச்சை வெள்ளம் பட்டா வெடிச்சிரும். அதுவா ஆறணும்."

"பாத்தீகளா, எஞ்சினுக்கே பச்சைத் தண்ணி ஆகாதாம்," என்று மதினி என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த நேரத்திலும் அவள் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

ஆறும் வரை மொட்டை மரங்களுக்கு நடுவே சாரலில் மிதந்தோம். அண்ணன் படகின் அடியில் கைவிட்டு, தண்ணீர் உள்ளே போகிற வாயில் இருந்த சல்லடையைக் கழற்றினார். ஒன்றிரண்டு அழுகிய இலை இருந்தது. அதுதான் காரணம் என்று நினைத்தோம். அந்த நேரத்தில் மதினி என்ன செய்தாள் என்றால், புருஷன் வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று மூங்கிலை உருவி, பானையோடு சேர்த்துப் பலகைக்கு அடியில் ஒதுக்கி வைத்தாள். அவள் கை எப்போதும் அப்படித்தான், எதையும் கலைந்து கிடக்க விடாது. அண்ணன் எஞ்சினை மறுபடி ஓட்டியபோது குழாயில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. சரியாகிவிட்டது என்று கரை சேர்ந்தோம்.

பிறகு அடிக்கடி அப்படியே நடந்தது. அண்ணன் பம்பைப் பிரித்துத் தோல் வாஷரை மாற்றினார். எண்ணெயை மாற்றினார். அடியில் சுற்றும் விசிறியில் கொடி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று குளிரில் முங்கிப் பார்த்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடுகிற வழியில் சேறு அடைத்திருக்கும் என்று கம்பி விட்டுக் குடைந்தார். ஒவ்வொரு தடவையும் பூட்டி, மூட்டைகளை ஏற்றி, ஆண்கள் மட்டும் போய் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். சமர்த்துப் பிள்ளை போல ஓடும். அடுத்து ஆட்களோடு போனால் நடு ஏரியில் கொதிக்கும். அந்த மனிதர் சோறு தின்பதை விட்டார். ராத்திரி தூக்கத்திலும் உள்ளங்கையை விரித்து வைத்திருக்கிறார் என்று மதினி சொன்னாள்.

ஒரு நாள் பச்சைக் காய் மூட்டைகளோடு அந்திவேளையில் நின்றுபோனது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தபோது மழையில் நனைந்த காய் மூட்டைக்குள் புழுங்கிப் பாழாகியிருந்தது. செய்தி போடிக்குப் போயிற்று. முதலாளி மலையேறி வந்தார்.

அவர் முன்னால்தான் கங்காணி அதைச் சொன்னார். "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல மொதலாளி. நான் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். டிரைவர் சம்சாரம் ஏறாத அன்னைக்கு நல்லா ஓடுது. அந்தப் பொம்பள கால் வச்சா சூடாகுது. வயித்துல ஒண்ணு தங்காதவ. ராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கையால் வாங்கிக் குடித்த வெந்நீர் கங்காணி வயிற்றில் ஒரு குளம் இருக்கும். முதலாளி யோசித்தார். இனிமேல் அவள் படகில் ஏறக் கூடாது என்றார். இன்னும் ஒரு முறை எஞ்சின் நின்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வேன், நீங்கள் இருவரும் கீழே இறங்கிவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். கீழே அவர்களுக்கு ஒரு குழி நிலமோ ஒரு ஓலைக் குடிசையோ கிடையாது. கொச்சியிலிருந்து வந்த எஞ்சின் டிரைவருக்கு ராசிங்காபுரத்தில் என்ன வேலை இருக்கிறது?

இரண்டொரு நாள் மதினி வெளியே வரவில்லை. படகு நன்றாக ஓடியது. அது நன்றாக ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருமுறையாவது காய்ந்து தொலையக் கூடாதா என்றிருந்தது. பிறகு ஒரு காலை ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

"நான் ஏறாதப்ப நெசமாவே ஓடுதா கொழுந்தனாரே?"

"ஓடுது மதினி."

"சூடாகாம?"

"சூடாகாம."

"அப்ப கங்காணி சொன்னது சரிதான்," என்றாள்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கங்காணியையும் முதலாளியையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். அவள் நான் ஓயும் வரை பொறுத்திருந்தாள்.

"கோவப்படாதீக. அவரு சொன்னதுல ஒரு பாதி கண்ணால கண்டது, ஒரு பாதி அவரு வாய்க்கொழுப்பு. நான் ஏறினா சூடாகுதுங்கிறது கண்ணால கண்டது. அத எப்படி இல்லங்கிறது? கால் ராசியின்னா உங்கண்ணன் வீட்டு அடுப்புல ஒல கொதிச்சு வழிஞ்சுக்கிட்டேல்ல இருக்கணும், அது எங்க கொதிக்கிது? நான் போட்டுல ஏறிச் செய்யுறது எதுவோ ஒண்ணு. அது என்னன்னு பாக்கணும். வாங்க, உங்கண்ணன்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அண்ணனைச் சம்மதிக்க வைப்பது பெரிய பாடாகிவிட்டது. எஞ்சின் நின்றால் வேலை போகும். கடைசியில் கரையை ஒட்டியே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. படகில் நாங்கள் மூவர் மட்டும். முதலில் மதினி வெறுங்கையோடு ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அண்ணன் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஓட்டினார். கை அப்படியே இருந்தது. ஏரி வளைகிற இடம் வரை போய்த் திரும்பினோம், அவர் கையை எடுக்கவில்லை. மதினி இறங்கிப் போய்ப் பானையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி ஒரு ஓட்டம். ஒன்றும் ஆகவில்லை. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, உடனே ஒரு பயமும் வந்தது. மிச்சம் இருந்தது மூங்கில் ஒன்றுதான்.

மூங்கிலைச் சொருகினாள். பானையில் தண்ணீர் நூல் போல விழுந்தது. பாதி தூரம் போயிருப்போம், அண்ணன் கையை உதறி எடுத்தார். எஞ்சினை நிறுத்தினார்.

இந்த முறை மதினி மூங்கிலை உருவவில்லை. அண்ணனே எழுந்து வந்து அதை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலை விட்டு நாரை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

"நாந்தான் வச்சேன்," என்றாள் மதினி. "சன்னமா வந்தா சூடா வருது."

"சூடா வராம என்ன செய்யும்? வெள்ளம் வெளிய போக வழியில்லாம உள்ள நின்னு வேகுது. அதோட எஞ்சினும் வேகுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. விடை தெரிந்துவிட்ட நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. மதினிதான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவர் சோறு தின்னாததும் குளிரில் முங்கியதும் எல்லாம் தன்னால்தானே என்று அழுதாள்.

அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "இத ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

அவள் கணக்கு எனக்கு விளங்கியது. டிரைவரின் மனைவி எஞ்சின் குழாயை அடைத்துவைத்தாள், டிரைவருக்கு அது தெரியவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே வேலை போகும். சொல்லாவிட்டால் படகு இனி நன்றாக ஓடும், வேலை நிற்கும். அவள் மட்டும் ராசி கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போவாள்.

"அப்ப ஒன்னைய ஆளாளுக்குப் பேசுவாங்களே," என்றார் அண்ணன்.

"பேசுனா பேசட்டும். பிள்ளை இல்லாதவளுக்கு இது புதுசா? உங்க சோலி நிக்கணும்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அந்த ஒரு முறை நானும் மதினியும் அதில் ஏமாந்துபோனோம்.

அடுத்த வாரக் கடைசியில் முதலாளி வந்தார். மறுநாள் சனிக்கிழமை. சனி நீராடு என்று சொல்லிவைத்த வழக்கத்தை அவர் மலை மேலும் விட மாட்டார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, கோவணத்தோடு பங்களாவின் பின்புறம் ஒரு பலகையில் உட்கார்ந்தார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன். படகு வந்து நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் பானையைத் தோளில் தூக்கிவந்து இறக்கினார். முதலாளி விரலை விட்டுப் பார்த்துச் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா இது?"

"வெள்ளம் மொதலாளி."

"வெள்ளமுன்னு எனக்குத் தெரியாதா? பச்சைத் தண்ணியாவுல இருக்கு. வெந்நி எங்கய்யா?"

"வெந்நி வேணுமுன்னா என் சம்சாரம் போட்டுல ஏறணும் மொதலாளி."

"அவ ஏறினா எஞ்சின் சூடாகுமேய்யா."

"சூடானாத்தானே மொதலாளி வெந்நி," என்றார் அண்ணன்.

முதலாளி அவரை அண்ணாந்து பார்த்தார். எண்ணெய் புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் இடுப்பிலிருந்து மூங்கிலை எடுத்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், அன்று முழுக்கப் பேசினார்.

"எஞ்சின்ல கோளாறு இல்ல, என் சம்சாரம் கால்லயும் கோளாறு இல்ல. இதுக்குள்ள நாரத் திணிச்சிருந்தா. உங்க குளிப்புக்கும், பிள்ளை பெத்தவளுகளுக்கும் சூடா வரணுமுன்னு செஞ்சது. எஞ்சினுக்கு ஆகாதுன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நான் பாக்கல. போகச் சொன்னீகன்னா நான் போறேன். ஆனா அவ கால் வச்சா ஆகாதுன்னு இந்த மலையில ஒருத்தரும் சொல்லப்படாது."

"அப்ப நான் இத்தன நாளாக் குளிச்சது?"

"இதுல வந்ததுதான் மொதலாளி."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், தும்மல் வந்தது. அடுத்தும் ஒரு தும்மல். அந்த எண்ணெயைக் கழுவாமல் எழுந்து போகவும் முடியாது, பச்சைத் தண்ணீரில் கழுவவும் முடியாது. எண்ணெய் தேய்த்த தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி காணும் என்று அவர் அம்மா சொல்லித்தான் வளர்த்திருப்பார்.

"ஸ்டோர்ல இருந்து காஞ்ச வெறகு ரெண்டு கட்டு எடுத்தாங்கய்யா, வெரசா," என்றார் என்னிடம். தன் உத்தரவைத் தானே மீறுகிறோம் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

நான் கட்டுகளோடு திரும்பியபோது மதினி அடுப்படியில் இருந்தாள். புருஷன் பேசியதையெல்லாம் பங்களாச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. சுள்ளியை ஒடித்து வைத்தாள். தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். கிழிக்கவில்லை.

"மொதலாளி, லயத்துல பிள்ளை பெத்தவளுகளுக்கும் இதுல ஒரு கட்டு…"

"மொதல்ல பத்த வை ஆத்தா."

"பத்த வைக்கிறேன் மொதலாளி. ஒரு கட்டுதான்…"

"குடுக்கச் சொல்றேன், குடுக்கச் சொல்றேன்."

"கொழுந்தனாரே, கேட்டீகள்ல?" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குச்சியைக் கிழித்தாள்.

அண்ணனின் வேலை போகவில்லை. முதலாளி அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்ட சுகத்தில் மறந்தாரா, தன் குளிப்புக்காகத் தன் எஞ்சினே வெந்தது வெளியே தெரிய வேண்டாம் என்று இருந்தாரா, நான் கேட்கவில்லை. விறகுக் கட்டு மட்டும் நான் அங்கே இருந்த வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை மதினி படகில் ஏறினாள். பார்ப்பதற்கென்றே கரையில் ஆட்கள் நின்றார்கள். கங்காணி வழக்கம் போல முன்னணியத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும், குனிந்து பீடி பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தார். படகு நடு ஏரிக்கு வந்தது, எஞ்சின் சீராக ஓடியது. மதினி எழுந்து ஒரு லோட்டாவை அவரிடம் நீட்டினாள். "குடிங்க கங்காணியாரே," என்றாள், மரியாதையாக.

நான் பக்கத்தில் இருந்தேன். அந்த லோட்டாவில் ஆவி இல்லை. அவள் அதை ஏரியிலிருந்து நேரே மொண்டதை நான் பார்த்தேன். அவள் சாஸ்திரத்தில் அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. அந்த மனிதரின் குலத்தையே அடியோடு வைதுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள். கங்காணி ஒரே மடக்கில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு ஆத்தா. ஒன் கையால குடிச்சாத்தான் ஒரு தெம்பு," என்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மதினியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. லோட்டாவை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தவள், கரை சேரும் வரை அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் மழை வலுத்துவிட்டது. மதினி ஸ்டோர் பக்கம் வந்தாள்.

"கங்காணி இருமுறாரா கொழுந்தனாரே?"

"இருமுனா இருமட்டும், விடுங்க மதினி."

"இல்ல, பச்சைத் தண்ணியக் குடுத்துட்டேன். அவரு நல்லாருக்குன்னுட்டாரு," என்றாள்.

வீட்டு அடுப்பில் அவள் வைத்துவந்த பானை அதற்குள் கொதித்திருந்தது. இந்தக் கரையிலேயே படகுத்துறைக்குப் பின்னால் இருந்த கங்காணியின் வீட்டுக்கு மேட்டில் ஏறிப் போக வேண்டும். பானையை இடுப்பில் வைத்து, அதன் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அந்த மழையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.